பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய கணக்கு



திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கும் எந்த அப்பாவைக் கேட்டாலும் ஒரு கதை வரும். கைமடியாக வேலைக்குச் சேர்ந்தேன், ஓவர்லாக் மிஷினில் தைக்கப் பழகினேன், டெய்லர் ஆனேன், நாலு மிஷின் போட்டேன், இன்றைக்கு இத்தனை குடும்பத்துக்குச் சம்பளம் கொடுக்கிறேன் என்பார். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கதை மனப்பாடமாகவே இருக்கும். என் கதையும் அதுதான். பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் சில பற்று வரவுகள் எழுதாமல் விட்டுப்போகின்றன.

கைமடி என்றால் வெளியூர் நேயர்கள் சிலருக்குத் தெரியாது. டெய்லர் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்து வருவதை மடித்து அடுக்குகிற ஆள். நான் போன காலத்தில் அந்த வேலையில் பெரும்பாலும் சிறுவர்கள்தான் இருந்தோம். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வரலாம். அதற்கு ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயது அது. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அந்தக் கஷ்டம்தான் என்னை ஆளாக்கியது என்று சொன்னால் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் என்னோடு நின்று மடித்த பையன்களில் பலர் இன்றும் பீஸ் ரேட்டுக்குத்தான் தைக்கிறார்கள். என்னைவிட வேகமான கை அவர்களில் சிலருக்கு. எனக்கு இருந்து அவர்களுக்கு இல்லாமல் போனது, ஊரில் எங்கப்பாவுக்கு இருந்த மேட்டாங்காடு, அதாவது மேட்டு நிலம். அதில் ஒரு பாகத்தை விற்றுத்தான் முதல் மிஷின்களை வாங்கினோம். அதனால் "நானாக முன்னுக்கு வந்தேன்" என்று என் மகளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. தாத்தா காடு விற்றார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லி வளர்த்த பிள்ளை, ஓவர்லாக்கில் உட்கார்ந்திருப்பவரை ஏமாளி என்று நினைக்காது.

எங்கப்பா உட்கார வைத்துப் புத்தி சொல்கிறவர் இல்லை. களையெடுக்க வந்தவர்களுக்குப் பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அதைப் பார்த்து வளர்ந்தேன். சனிக்கிழமைச் சம்பளத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளக் கூடாது என்பது எனக்கு அப்படி வந்த பழக்கம்.

மீதி நிலம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்தது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய அணை. அதில் வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது, மாடுகூட வாய் வைக்காது. எந்தக் காட்டை விற்றுத் தொழில் தொடங்கினோமோ, அதே தொழில்தான் மீதிக் காட்டையும் கெடுத்தது. விவசாயிகள் நீதிமன்றம் போய்ப் பல வருடம் நடந்தார்கள். 2011 ஜனவரி 28 அன்று, சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் போட்ட துணி வரவில்லை, எங்கள் கட்டிங் டேபிள் காலியாகக் கிடந்தது. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள், "யார் பக்கம் சரிப்பா?" என்று கேட்டாள். தாத்தா பக்கம் என்றேன். கம்பெனி மூடிக் கிடக்கும்போது அதைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் வேறு என்ன சொல்வது? கழிவு நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும், ஆற்றில் விடக்கூடாது என்பதுதான் விதி. அந்தச் செலவு இன்றைக்குச் சாயக் கூலியில் சேர்ந்தே வருகிறது. வரட்டும். அது முன்பே வந்திருக்க வேண்டிய செலவு.

அடுத்தது பணம். நாங்கள் செய்வது ஜாப் ஒர்க். எக்ஸ்போர்ட்டருக்குத் தைத்துக் கொடுக்கிறோம். பில் பணம் அறுபது நாளில் வரும், தொண்ணூறு நாளும் ஆகும். சம்பளமோ வாராவாரம். இடையில் இருக்கிற பள்ளத்தைச் சீட்டுப் பணத்தாலும் மனைவியின் நகையாலும் நிரப்புகிறோம். பில் வராத வாரத்தில் வீட்டுக்குள் நான் பேசுகிற பேச்சே வேறு. அப்பாவின் குணம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வதில் பாதி, வராத பில்லின் கோபம். அதனால் மகள் பெரியவளானதும் பாக்கி நோட்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். "ஏம்ப்பா சிடுசிடுங்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போது "அந்த பில் இன்னும் வரலியா?" என்று கேட்கிறாள். தொழிலை எடுத்து நடத்துவாளா என்று நான் கேட்கவில்லை. அது அவள் இஷ்டம்.

பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எக்ஸ்போர்ட்டர்கள் யாராவது இருந்தால், உங்கள் மேஜையில் கிடக்கும் ஜாப் ஒர்க் பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 45 நாள் தாண்டியிருந்தால் இந்தச் சனிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.