ஏனுங்க என்று கேட்டவர் சாக்ரடீஸ்

(அவிநாசியில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: இன்றைய அரசியலுக்கும் வாழ்க்கைக்கும் பெரிதும் தேவை, பிளேட்டோ சொன்ன அறிவுடைய தலைவனே! சாக்ரடீஸ் காட்டிய கேள்வி கேட்கும் குடிமகனே! இரண்டாவது அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் அழகாகப் பேசினார். "கப்பல் ஓட்டத் தெரிந்தவன் ஒருத்தன்தான் இருப்பான். அவனைத் தேர்ந்தெடுக்கப் பயணிகளைக் கை தூக்கச் சொல்லலாமா?" என்று பிளேட்டோவின் கருத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, நிம்மதியாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். (சிரிப்பு) குடிங்க ஐயா. அவிநாசித் தண்ணிக்கும் இந்தத் தலைப்புக்கும் ஒரு சம்பந்தம் இருக்குது. அப்புறம் வர்றேன். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, சாக்ரடீஸ் தமிழனுக்கு அந்நியர் இல்லை. நம்மில் பாதிப் பேர் அவரைப் புத்தகத்தில் பார்க்கவில்லை, கொட்டகையில் பார்த்தோம். 1956-ஆம் ஆண்டு 'ராஜா ராணி' படத்தில் கலைஞர் எழுதிக் கொடுத்தார், நடிகர் திலகம் சாக்ரடீசாக நின்றார். அதற்கப்புறம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் போர்வையைப் போர்த்திக்கொண்டு விஷம் குடிக்காத பையன் தமிழ்நாட்டில் உண்டா? (சிரிப்பு)

ஆனால் ஒன்று பாருங்கள். அவர் விஷம் குடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எதற்காகக் குடித்தார் என்பது மறந்து போச்சு. எழுபது வயதுக் கிழவர். கையில் ஆயுதம் இல்லை, பின்னால் கட்சி இல்லை. கடைவீதியில் நின்று, போகிற வருகிற ஆளையெல்லாம் பிடித்து வைத்துக் கேட்டார். "நீதி நீதி என்கிறாயே, நீதி என்றால் என்ன? வீரம் என்கிறாயே, வீரம் என்றால் என்ன?" இவ்வளவுதான். கி.மு. 399-இல் அவரை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள்.

இங்கே எதிரணி நண்பர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "சாக்ரடீசைக் கொன்றது யார்? மன்னனா? இல்லையே! ஓட்டுப் போட்ட ஜனங்கள்தானே?" என்றார். உண்மைங்க. மறுக்கவே மாட்டேன். ஏறத்தாழ ஐந்நூறு பேர் நடுவர்களாக உட்கார்ந்து ஓட்டுப் போட்டார்கள். இன்னும் முப்பது வாக்கு இந்தப் பக்கம் மாறியிருந்தால் பிழைத்திருப்பார். குருவைக் கூட்டம் கொன்றதைக் கண்ணால் பார்த்த மாணவன் பிளேட்டோ. கூட்டத்தின் மேல் அவருக்கு வந்த கோபம் நியாயம். அந்தக் கோபத்தில்தான் ஞானி அரசாள வேண்டும் என்றார். ஐம்பது வயது வரைக்கும் படித்துப் பழகிய பிறகே ஆட்சிக்கு வரலாம் என்றார். அந்தக் கணக்கில் இந்த மேடையில் நாலு பேருக்குத் தகுதி வந்தாச்சு. (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, அந்தக் கூட்டம் எப்படிப்பட்ட கூட்டம்? கேள்வி கேட்ட கூட்டமா? இல்லீங்க. தன்னைக் கேள்வி கேட்டால் பிடிக்காத கூட்டம். கி.மு. 406-இல் கடற்போரில் ஜெயித்து வந்த தளபதிகள், புயலில் தத்தளித்த வீரர்களைக் காப்பாற்றவில்லை என்று ஏதென்ஸ் ஜனங்கள் கொதித்தார்கள். தனித்தனியாக விசாரிக்க வேண்டியது சட்டம். "எல்லாரையும் ஒரே ஓட்டில் தீர்த்துக் கட்டு" என்று கூச்சல். அன்றைக்குச் சபையை நடத்திய ஐம்பது பேர் குழுவில் சாக்ரடீசும் ஒருவர். "சட்டப்படி இது சரியா?" என்று கடைசி வரைக்கும் அசையாமல் நின்றார். கூட்டம் கேட்கவில்லை, ஆறு தளபதிகள் செத்தார்கள். பிறகு அதே ஜனங்கள் வருத்தப்பட்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து முப்பது பேர் கொண்ட சர்வாதிகாரக் கும்பல் ஆட்சிக்கு வந்தது. "லியோன் என்ற ஒருவனைப் பிடித்து வா" என்று சாக்ரடீசுக்கு உத்தரவு. அவர் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். ஜனங்கள் ஆண்டபோதும் கேட்டார், சர்வாதிகாரி ஆண்டபோதும் பணியவில்லை. இந்தக் குடிமகன் நூறு பேர் அந்த ஐந்நூறு பேருக்குள்ளே இருந்திருந்தால் அந்தக் கிண்ணத்துக்கே வேலை இல்லை! (பலத்த கைதட்டல்)

சரி, ஞானி ஆளட்டும் என்ற திட்டம் என்ன ஆயிற்று? பிளேட்டோ ஏட்டில் மட்டும் எழுதவில்லை. சிசிலித் தீவில் சைரகூஸ் நகரத்துக்கு மூன்று தடவை போனார். தயோனிசியஸ் என்று அப்பா ஒரு கொடுங்கோலன், பிள்ளை அதே பெயரில் இன்னொருத்தன். பிள்ளையைத் தத்துவ அரசனாக்கிவிடலாம் என்று நம்பினார். கடைசியில் அங்கிருந்து வெளியே வர நண்பர் ஆர்க்கிட்டஸ் ஆள் அனுப்பி மீட்க வேண்டி வந்தது. பாடம் நடத்தப் போன வாத்தியாரை வகுப்பறையில் வைத்துப் பூட்டின கதை! (சிரிப்பு)

கப்பலுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஐயா, கப்பலை நான் ஓட்டுகிறேன் என்று பயணி கேட்கவில்லை. "இந்தக் கப்பல் எங்கே போகுதுங்க?" என்று கேட்கிறான். ஓட்டுகிற வித்தை மாலுமிக்கு. போகிற ஊர் பயணிக்கு. டிக்கெட் வாங்கினவன் அவன்தானே? பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் இதற்கு விருந்தை உதாரணம் சொன்னார். சாப்பாடு எப்படி என்பதைச் சமைத்தவரை விடச் சாப்பிட்டவர்தான் நன்றாகச் சொல்லுவார். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் "சாம்பார் எப்படி?" என்று சமையல்காரரையா கேட்பீர்கள்?

அடுத்தபடியாக எதிரணித் தலைவர் காலிங்கராயனைக் கொண்டு வந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவானி ஆற்றில் அணை கட்டி, நொய்யல் வரைக்கும் வாய்க்கால் வெட்டினார். தன் வழி வந்தவர்கள் அந்தத் தண்ணீரைத் தொட மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தார் என்றும் கொங்கு நாட்டில் சொல்வார்கள். கும்பிட வேண்டிய மனிதர். பிளேட்டோ கண்ட கனவுத் தலைவன் என்றால் அவர்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் காலிங்கராயன் வாய்க்கால் பாயாத மேட்டுக் காட்டுக்கு என்ன வழி? அவிநாசிக்கு என்ன வழி? அடுத்த காலிங்கராயன் பிறக்கிற வரைக்கும் எழுநூறு வருஷம் காத்திருப்பதா? நம்ம ஊர்க்காரர்கள் காத்திருக்கவில்லை. கேட்டார்கள்! பவானியில் வீணாகிற உபரி நீரை எங்கள் குளத்துக்குக் கொடுங்கள் என்று அறுபது ஆண்டுக்கு மேல் கேட்டார்கள். மனுக் கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள், 2016-இல் உண்ணாவிரதம் இருந்தார்கள். கேட்டுக் கேட்டுக் கிழவரான அப்பன் செத்தான், மகன் கேட்டான். 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2024 ஆகஸ்ட் 17-இல் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கியது. ஆறு நீரேற்று நிலையம், ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி., 1045 குளம் குட்டைகள். தண்ணீர் எடுக்கிற இடம் எது தெரியுமா? அதே காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழேதான்! (கைதட்டல்)

அடிக்கல் போட்டது ஒரு ஆட்சி, திறந்தது ஒரு ஆட்சி. அதற்கு முன்னால் எத்தனை ஆட்சி! ஆண்டவர்கள் மாறினார்கள், கேட்டவர்கள் மாறவில்லை. தலைவன் ஞானியாக இருந்தால் நல்லதுதான். இல்லாத வருஷத்திலும் ஊர் நடக்க வேண்டுமே, அதற்குக் கேட்கிற குடிமகன் வேணும். வேலை இன்னும் முடியவும் இல்லை. எந்தக் குளம் நிரம்பியது, எந்தக் குளம் காய்கிறது, விட்டுப்போன குட்டைக்கு எப்போது என்று நாளைக்கும் நாம்தான் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். தேர்தல் வந்தால் ஓட்டுக்குப் பணம் என்கிறார்கள். வாங்குகிறவர் நினைக்கிறார், ஓட்டு ஒரு நாள் சமாச்சாரம் என்று. ஆனால் பணம் வாங்கினவன் அடுத்த ஐந்து வருஷம் எந்த முகத்தோடு "எங்க ரோடு ஏனுங்க இப்படி?" என்று கேட்பான்? விற்றுப் போனது அவனுடைய ஐந்து வருஷத்துக் கேள்வி. அதை எந்த விலைக்கு விற்றாலும் நஷ்டம்தான்.

அரசியலை விடுங்கள், வீட்டுக்கு வருவோம். சாக்ரடீசின் அம்மா ஒரு மருத்துவச்சி. "நானும் அம்மா தொழில்தான் செய்கிறேன். பிள்ளை உன் வயிற்றில் இருக்கிறது, நான் வெளியே எடுத்து விடுகிறேன்" என்பார். கேள்வி என்பது பிரசவம் பார்க்கிற வேலை. நாம் வீட்டில் என்ன செய்கிறோம்? பிளஸ் டூ முடித்த பையனிடம் "ஊரே கம்ப்யூட்டர் படிக்குது, நீயும் படி" என்கிறோம். "உனக்கு எது வரும் கண்ணு?" என்று கேட்கிறோமா? கல்யாணத்துக்கு இருபது லட்சம் கடன் வாங்குகிறோம். யாருக்காக வாங்குகிறோம் என்று நம்மையே ஒரு தடவை கேட்கிறோமா? சாக்ரடீஸ் கடைவீதியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அடடா, எனக்குத் தேவைப்படாத பொருள் எத்தனை இருக்கிறது!" என்று சந்தோஷப்பட்டாராம். நம்ம ஆள் அதே கடைவீதிக்குப் போனால், தேவைப்படாத பொருளையெல்லாம் தவணையில் தூக்கிக்கொண்டு வருகிறான்! (சிரிப்பு)

கேள்வி என்றால் வம்பு என்று நினைக்க வேண்டாம். ராத்திரி விவாதத்தில் ஒருத்தரை ஒருத்தர் பேசவிடாமல் கத்துவதற்குப் பெயர் கேள்வி இல்லை. சாக்ரடீஸ் பதிலைக் காது கொடுத்துக் கேட்பார், அதற்கப்புறம்தான் அடுத்த கேள்வி. சிறையிலிருந்து தப்ப நண்பர் கிரிட்டோ வழி செய்து கொடுத்தும், சட்டத்தை உடைக்க மாட்டேன் என்று இருந்துவிட்டார். கேட்கவும் செய்தார், கட்டுப்படவும் செய்தார்.

நமக்கு இதைக் கிரேக்கத்திலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. மதுரையில் கண்ணகி கேட்டாள். ஏதென்ஸில் கேட்டவர் செத்தார். மதுரையில் பதில் சொல்ல முடியாத பாண்டியன் செத்தான். தமிழ் நாட்டில் கேள்விக்கு அவ்வளவு மதிப்பு! (கைதட்டல்) கண்டித்துச் சொல்ல ஆளில்லாத அரசன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து.

இந்த ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சுந்தரர் இந்த அவிநாசித் தெருவில் நடந்து வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகை. கண்டும் காணாமல் போயிருக்கலாம். நின்றார், "இது என்ன?" என்று கேட்டார். எதிர் வீட்டுப் பிள்ளையை மூன்று வருஷத்துக்கு முன் முதலை விழுங்கிய கதை தெரிந்தது. குளத்தங்கரைக்குப் போனார், ஆண்டவனையே கேட்டார், பிள்ளை வந்தது என்பது புராணம். அந்த அற்புதமே "ஏன் அழுகிறார்கள்?" என்ற ஒரு கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. கேட்டுப் பிள்ளையை வாங்கின ஊர், கேட்டுத் தண்ணீரையும் வாங்கின ஊர்! (பலத்த கைதட்டல்)

நிறைவாக ஒன்று, நடுவர் அவர்களே. கொங்குத் தமிழில் ஒருத்தரைக் கூப்பிட என்ன சொல்கிறோம்? "ஏனுங்க!" 'ஏன்' என்பது கேள்வி. 'ங்க' என்பது மரியாதை. சாக்ரடீஸ் எழுபது வயசு வரைக்கும் ஏதென்ஸுக்குச் சொல்லிப் பார்த்த பாடத்தை இந்த மண் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. 'ங்க' மட்டும் இருந்தால் அடிமை. 'ஏன்' மட்டும் இருந்தால் சண்டை. இரண்டும் சேர்ந்தவன்தான் குடிமகன். எனவே இன்றைய அரசியலுக்கும் வாழ்க்கைக்கும் பெரிதும் தேவை கேள்வி கேட்கும் குடிமகனே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு, அமர்கிறேன். மாற்றித் தீர்ப்புச் சொன்னீர்கள் என்றால், நாங்கள் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுவோம்: "ஏனுங்க?" (சிரிப்பு, கைதட்டல்)