விதையிலிருந்து தட்டு வரை
(கிளைச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'கிண்டர்கார்டன்' என்றால் குழந்தைகளின் தோட்டம். 1840-ல் ஜெர்மனியில் ஃப்ரோபல் என்ற கல்வியாளர் சூட்டிய பெயர் இது. அவர் திட்டத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி உண்டு. இன்று பெயர் இருக்கிறது, பாத்தியைத்தான் காணோம்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வசதியுள்ள வீடுகளும் இதற்கு விலக்கல்ல. இரண்டு முதல் ஆறு வயது வரை புதிய உணவை மறுப்பது குழந்தையின் சுபாவம். ஒரே காயைப் பத்துத் தடவை கண்ணில் காட்டி, ருசி காட்டிய பிறகே பல குழந்தைகள் ஏற்கும். நாமோ மூன்றாம் தடவையிலேயே "இவனுக்குக் கீரை பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். தானே விதைத்து, நீர் ஊற்றி, பறித்த கீரை குழந்தைக்கு அந்நியமல்ல. வாயில் வைத்துப் பார்க்கும் துணிவு தானே வரும்.

தொடங்குவதற்கு வெந்தயக்கீரை உத்தமம். டில்லி, நாகபுரி போன்ற ஊர்களில் ஐப்பசி முதல் மாசி வரை நன்றாக வரும். இரவு ஊறவைத்த வெந்தயத்தைத் தூவினால் நாலைந்து நாளில் முளைக்கும். ஒரு மாதத்தில் பறிக்கலாம். குழந்தையின் பொறுமைக்கு அதுவே எல்லை. இடமில்லாவிட்டால் தொட்டி போதும். பழைய பெயிண்ட் டப்பா மட்டும் கூடாது. அதில் ஈயம் இருக்கலாம்.

பறித்ததோடு நிறுத்தக் கூடாது. இலைகளை ஆய்வதும், மூன்று தண்ணீரில் அலம்புவதும் குழந்தைகளே செய்யட்டும். கத்தியே வேண்டாம். அடுப்பு மட்டும் ஆசிரியையின் பொறுப்பு. பருப்புடன் சேர்த்துக் கூட்டு செய்து, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். அதிலுள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவும். கொதிக்கும்போது பிழிந்தால் அந்த வைட்டமின் பெருமளவு வீணாகும்.

"படிக்க அனுப்பினோமா, கீரை ஆயவா?" என்று பெற்றோர் கேட்பார்கள். விதையை எண்ணுவது கணக்கு. எந்தப் பக்கம் வெயில் என்று பார்ப்பது விஞ்ஞானம். இலையை ஆயும் விரல்கள்தான் நாளை பென்சில் பிடிக்கப் போகின்றன. மண்ணில் கை வைத்தால் நோய் வருமே என்றால், சோப்புப் போட்டு அலம்பப் பழக்குவதும் இந்தப் பாடத்தில் அடக்கம்.

ஆனால் ஒரு அபாயம் உண்டு. தோட்டக்காரர் வளர்த்து, ஆயா சமைத்து, குழந்தை போட்டோவுக்கு மட்டும் நிற்கும் தோட்டத்தால் பயனில்லை. கோணலான பாத்தியும் பாதி முளைத்த விதையும் குழந்தையுடையதாக இருந்தால்தான் கீரையும் அதனுடையதாகும். நடுவில் நம் கை புகுந்தால் எல்லாம் கெட்டது.

இங்குள்ள தாத்தா பாட்டிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். பேரனோ பேத்தியோ போகும் பள்ளியில் ஆறடிக்கு மூன்றடி இடம் கேளுங்கள். வாரம் இரண்டு காலை துணைக்குப் போங்கள். போய், கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நமக்குக் கஷ்டமான வேலை அது ஒன்றுதான்.