வழி சொல்லும் விதிகள்

(பொம்மனஹள்ளியில் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் நிகழ்த்திய உரையின் வாசகம்)



சில்க் போர்டு சந்திப்பிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் செல்பவர் ஓசூர்ச் சாலையில் கீழேயும் செல்லலாம். 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மேம்பாலத்தின் மீதும் செல்லலாம். எந்த வழி நல்லது என்பதை அவர் பிறரைக் கேட்டே அறிகிறார். சொன்னவர் தவறினால் கேட்டவர்தான் அல்லலுறுவார். கணிப்பொறி வலையமைப்பின் நிலையும் இதுவே. செய்திகள் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கின்றன. அவற்றுக்கு வழிகாட்டும் கருவி ரூட்டர். அது தன் அண்டைக் கருவிகள் சொல்வதைக் கேட்டே தன் அட்டவணையை அமைத்துக் கொள்கிறது. எதை, எப்பொழுது, எவரிடம் சொல்வது என்பதற்கான உடன்பாடுகளே வழிகாட்டு நெறிமுறைகளாகும்.

எளிய மரபுகள்

1988ஆம் ஆண்டில் ஆவணமாக வெளியிடப்பட்ட ‘ரிப்’ நெறிமுறையை எடுத்துக் கொள்வோம். ஒவ்வொரு ரூட்டரும் 30 விநாடிக்கு ஒருமுறை தான் அறிந்த தொலைவுகளை அண்டையாருக்கு அறிவிக்கிறது. கடக்கும் ஒவ்வொரு ரூட்டரும் ஒரு தாவலாகக் கணக்கிடப்படும். 15 தாவல்களே எல்லை. 16 என்றால் ‘வழி இல்லை’ என்று பொருள்.

இந்த எல்லை எதற்கு? ஓர் இணைப்பு அறுந்தபின், இரு ரூட்டர்கள் ஒன்றின் பழைய சொல்லை மற்றொன்று நம்பி, தொலைவை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகக்கூடும். 16 என்னும் எண் அந்தக் கணக்குக்கு முற்றுப்புள்ளி வைக்கிறது. ஒருவரிடம் கற்ற வழியை அவரிடமே திருப்பிச் சொல்லலாகாது என்பது மற்றொரு மரபு.

இந்த எளிமைக்கும் ஒரு விலை உண்டு. பெரிய வலையமைப்புக்கு 15 தாவல்கள் போதா. தாவல்களை எண்ணும் முறை பாதையின் அகலத்தையும் பார்ப்பதில்லை. 1989இல் வெளிவந்த ‘ஓ.எஸ்.பி.எப்.’ நெறிமுறையில் ஒவ்வொரு ரூட்டரும் முழு வரைபடத்தையே வைத்துக்கொண்டு, டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட கணக்கு முறையால் செலவு குறைந்த வழியைக் காண்கிறது. இதற்கு நினைவகமும் உழைப்பும் மிகுதியாக வேண்டும். பொருளாதார மாணவருக்கு இது பழகிய பாடம்.

நமது அனுபவம்

நம் நாட்டில் 1986இல் மின்னணுத்துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் ‘எர்நெட்’ வலையமைப்பைத் தொடங்கியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் ஐந்து ஐ.ஐ.டி.களும் அதில் பங்குகொண்டன. தொடக்கத்தில் இரு வேறு நெறிமுறைக் குடும்பங்கள் அதில் அருகருகே இயங்கின. 1995க்குப் பின் ஏறக்குறைய எல்லாப் போக்குவரத்தும் டி.சி.பி.-ஐ.பி. முறைக்கு மாறிவிட்டது. பலரும் கைக்கொள்ளும் மரபே நிலைக்கிறது.

நிறுவனங்களுக்கிடையே வழி சொல்வது, 1989இல் தோன்றிய ‘பி.ஜி.பி.’ நெறிமுறை. வழியில் உள்ள நிறுவனங்களின் எண்கள் வரிசையாக அறிவிக்கப்படும். அதில் தன் எண்ணையே காண்பவர் அவ்வழியை ஏற்பதில்லை. இங்கே குறுகிய வழியைவிட ஒப்பந்தமும் கட்டணமும் முந்துகின்றன. அதனால் இந்திய நிறுவனங்கள் இரண்டுக்கு இடையே செல்லும் பொட்டலமும் வெளிநாடு சென்று திரும்ப நேர்ந்தது. அதைத் தவிர்த்து, உள்நாட்டுப் போக்குவரத்தை உள்நாட்டிலேயே பரிமாறிக்கொள்ள 2003இல் ‘நிக்ஸி’ நிறுவப்பட்டது.

நம்பிக்கையின் விலை

இந்த மரபுகள் அண்டையார் உண்மையே சொல்வார் என்னும் நம்பிக்கையில் பிறந்தவை. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டில் யூடியூபைத் தடுக்க எண்ணி, அதன் 256 முகவரிகளுக்குத் தானே வழி என அறிவித்தது. அந்த அறிவிப்பு எல்லை தாண்டிப் பரவியது. யூடியூப் அறிவித்திருந்ததோ 1,024 முகவரிகள் கொண்ட தொகுதி. குறுகிய தொகுதிக்கே முன்னுரிமை என்பது விதி. ஆகவே ரூட்டர்கள் விதிப்படியே தவறான வழியில் சென்றன. உலகின் பல பகுதிகளில் சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் கிடைக்கவில்லை. எந்தக் கருவியும் பழுதாகவில்லை. சொல்லைச் சரிபார்ப்பார்தாம் இல்லை.

இன்று முகவரிக்கு உரியவர் யார் என்பதை மின்னணுச் சான்றால் சரிபார்க்க முடிகிறது. ஆனால் சான்றைப் பதிவதும், வரும் அறிவிப்புகளை வடிகட்டுவதும் ஒவ்வொரு நிறுவனத்தின் கடமை.

அலுவலர்களே, வலையமைப்புக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது கருவியின் விலையை மட்டும் பாராதீர்கள். பொது நெறிமுறையில் இயங்குமா, தவறான அறிவிப்பை வடிகட்டுமா என்று கேளுங்கள். மாணவர்களே, ஒவ்வொரு விதியையும் கற்கும்போது, அது எந்த இடரைத் தவிர்க்கப் பிறந்தது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.