நம் வாயில் இருக்கிற பாட்டு

(தோட்டக் குடும்பங்களின் சுற்றுலாவின்போது தோப்பூரில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

கோணேசர் கோயிலையும் கடலையும் பார்த்துவிட்டு, களைப்போடு எங்கள் ஊருக்கு வந்திருக்கிறீர்கள். இது நான் பிறந்த ஊர். உங்களுக்கும் இது அந்நிய ஊர் இல்லை. தலவாக்கலைப் பக்கம் பெய்கிற மழை கொத்மலை ஓயாவில் இறங்கி, 335 கிலோமீற்றர் நீளமான மகாவலியில் சேர்ந்து ஓடி, இங்கே பக்கத்தில் கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு கலக்கிறது. உங்கள் மலைத் தண்ணீர் உங்களுக்கு முன்பே இங்கே வந்துவிட்டது.

இன்று நான் கதைக்க வந்தது கவிதையைப் பற்றி. "கவிதை படித்தவர்களுக்கு ஐயா, நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். நானும் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பள்ளிக்கூடப் படிப்போடு உத்தியோகத்துக்கு வந்தவன்.

என் உம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வயலில் புல்லுப் பிடுங்கும்போது கவி சொல்லுவா. எங்கள் கிழக்குப் பகுதியில் நாலடியில் பாடுகிற பாட்டைக் கவி என்றுதான் சொல்லுவோம். மனதில் கவலை இருந்தால் அது கவியாக வரும். சொல்லி முடித்த பிறகு உம்மாவின் முகம் தெளிந்திருக்கும். கவலை போய்விட்டது என்று இல்லை. அதைத் தூக்குகிற பலம் வந்துவிடும்.

உம்மா மௌத்தான பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கவிகளில் ஒன்றுகூட எனக்கு முழுதாகத் தெரியவில்லை. இரண்டு அடி வருகிறது, மற்ற இரண்டு அடி வருவதில்லை. ஊரில் பலரிடம் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பேனை பிடிக்கத் தெரிந்த மகன் பக்கத்திலேயே இருந்தும் எழுதி வைக்கவில்லை. அந்தக் குறை இன்றும் என் மனதில் இருக்கிறது.

உங்கள் மலையகத்தில் அந்த வேலையைச் செய்த ஒருவர் இருந்தார். அவர்தான் சி. வி. வேலுப்பிள்ளை. 1914 ஆம் ஆண்டு வட்டகொடைப் பக்கம் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியில் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். அடுத்த வருடமே வந்த சட்டம் தோட்ட மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. வாக்கும் போனது. ஆனால் சி. வி. பேனையைக் கீழே வைக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையை ஆங்கிலத்தில் கவிதையாக எழுதி உலகத்துக்குச் சொன்னார். அதோடு நிற்காமல், லயத்தில் தாய்மார் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் தெம்மாங்கையும் தேடி எழுதினார். அவர் 1984 இல் காலமானார். அவர் சேர்த்த பாட்டுக்கள் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமாக வந்தன. பாடியவர்கள் போய்விட்டார்கள், பாட்டு இருக்கிறது.

அவருக்கு முன்பே, 1930களில், நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாக எழுதி, கூட்டங்களில் தானே பாடினார். பேச்சை மறந்தாலும் பாட்டு வீட்டுக்குக் கூடவே வரும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

நாம் செய்யக்கூடியது என்ன? செலவில்லாத இரண்டு காரியம் சொல்கிறேன்.

ஒன்று, வீட்டில் ஓர் அப்பியாசக் கொப்பி வையுங்கள். ராத்திரி படுக்கும் முன் அன்றைக்குப் பார்த்ததில் ஒன்றை ஒரு வரியில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். நான் இப்படிச் சொன்னதைக் கேட்டு ஒரு தாய் தன் மகளிடம் சொன்ன முதல் வரி: "இன்னைக்கு மழை, கொழுந்து குறைவு, ஆனா மலை கழுவி வச்ச மாதிரி இருந்துச்சு." கைக்காசு குறைந்த நாளிலும் அந்த அம்மாவின் கண் மலையைப் பார்த்திருக்கிறது. இதுதான் கவிதை. இப்படிப் பார்க்கப் பழகிய மனது ஒரு கஷ்டத்தில் உடனே உடைந்து போகாது.

இரண்டாவது, வீட்டில் பாட்டி, அப்பாயி, அம்மாயி யாராவது இருந்தால் இந்தக் கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேளுங்கள். கைத்தொலைபேசி உள்ளவர்கள் குரலையும் பதிந்து வையுங்கள். "எனக்கு எதுவும் ஞாபகமில்ல" என்பார்கள். வெற்றிலையைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், தானாக வரும்.

அடுத்த முறை நான் லயத்துக்கு வரும்போது அந்தக் கொப்பியைக் கேட்பேன். எனக்கு நேர்ந்த குறை உங்கள் பிள்ளைகளுக்கு வரவேண்டாம்.