பேரூராட்சிக்கு முந்துவது எது?

(சிவகிரி ஊர்மக்கள் முன் நிகழ்த்துதற்கென எழுதப்பெற்ற உரை)



மேற்கு மலைத்தொடரின் கீழடியில், இராசபாளையத்தினின்று தென்காசிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் சிவகிரி. பெயரில் உள்ள 'கிரி' வடசொல். அது குறிக்கும் மலையோ இவ்வூரார் நாள்தோறும் கண்விழிக்கும் தமிழ்மலை. ஊர் முதலிற் பாளையமாக இருந்தது. பின்னர்ச் சமீன் ஆயிற்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன்கள் ஒழிந்தபின் மக்களாட்சியின் கீழ் வந்தது. நெடுங்காலம் நெல்லை மாவட்டத்தின் சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்திருந்து, பின்னர்த் தனிவட்டத்தின் தலைமையூராகி, 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் தொடங்கப்பெற்றபோது அதனுள் அடங்கிற்று.

ஊர்ப்பொருளை எதற்குச் செலவிடுவது என்பதைப் பாளையத்தின் காலத்திற் பாளையக்காரர் முடிவு செய்தார். சமீன் காலத்திற் சமீன்தார் முடிவு செய்தார். இன்று அதனை முடிவு செய்ய வேண்டியவர் யார்? அவர் எதனை முன்வைத்து முடிவு செய்ய வேண்டும்? இவ்விரு வினாக்களே இவ்வுரையின் பொருள்.

வகுத்தலே ஆட்சி

பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததைத் தக்கவாறு பகிர்ந்தளித்தல் என நால்வகைத் தொழிலை ஆள்வோர்க்கு வைத்தார் வள்ளுவப் பெருந்தகை. முதல் மூன்றையும் ஓரளவு எவரும் செய்துவிடலாம். நான்காவதிலேயே ஆள்வோரின் நெஞ்சம் வெளிப்படும். வீட்டுவரி, தொழில்வரி, கடைவாடகை, அரசின் கொடை எனப் பேரூராட்சிக்கு வரும் பொருள் எண்ணிக்கைக்குட்பட்டது. ஊரின் தேவையோ எண்ணற்றது. ஆதலின் ஏப்பிரல் முதல் நாள் தொடங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் செயல் அலுவலர் வரவு செலவுத் திட்டம் அணியப்படுத்துகையில், எதனை முதலில் எழுதுகிறார், எதனை ஈற்றில் எழுதுகிறார் என்பதே முழு ஆட்சியும் ஆகும். முதலில் எழுதப்பட்டது பணம் பெறும். ஈற்றில் எழுதப்பட்டது அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும். அவ்வாறு ஆண்டுதோறும் தள்ளப்படும் தெரு ஒன்று ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அத்தெருவில் வாழ்பவர் யாவர் என்பதையும் ஊரார் நன்கறிவர்.

அலுவலர் அரசால் அமர்த்தப்படுபவர். மன்ற உறுப்பினர்களோ மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள்; தலைவரை அவர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். முடிவு மன்றத்தினுடையது, செயல் அலுவலருடையது. 'செயல் அலுவலர்' என்னும் தமிழ்ப்பெயரே இவ்வரம்பைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றது. இவ்வரம்பு கலங்கும் ஊரில் மக்கள் கேள்விக்கு விடைசொல்வார் எவரும் இரார். மன்றம் அலுவலரைக் காட்டும், அலுவலர் மேலிடத்து ஆணையைக் காட்டுவார்.

மூவர் காட்டிய மூவழி

உள்ளாட்சியில் அமர்ந்து, எது முந்துவது என்பதைத் தெளிவாகக் கண்ட மூவரைத் தமிழ்நாட்டு வரலாறு காட்டுகின்றது.

முதல்வர் ஈ.வெ. இராமசாமிப் பெரியார். பெருந்தலைவராக அறியப்படுமுன் அவர் ஈரோட்டு நகராட்சித் தலைவர். அப்பொறுப்பில் அவர் முந்திக் கண்டது குடிநீர். காவிரி ஓடும் ஊரிலும் குழாய்வழித் தண்ணீர் மக்கள் வீடுகளுக்கு வாராதிருந்த காலத்தில், குடிநீர்த் திட்டத்தை அவர் முன்னின்று நிறைவேற்றினார். 1919-இல் அப்பதவியையே துறந்து பொதுவாழ்வில் இறங்கினார். பதவி போயிற்று, தண்ணீர் நின்றது.

இரண்டாமவர் பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார். சிவகிரியின் வடக்கே சேற்றூர், இராசபாளையப் பகுதிகளை உள்ளடக்கியிருந்த பழைய இராமநாதபுர மாவட்டத்தின் ஆட்சிக்கழகத் தலைவராக அவர் இருந்தார். ஒடுக்கப்பட்ட மக்களைப் பேருந்தில் ஏற்ற மறுத்த காலம் அது. அவ்வாறு மறுக்கும் உரிமையாளரின் வண்டிகள் ஓடுதற்குரிய இசைவு நீக்கப்படும் என்று அவர் ஆணையிட்டார். புதிய சாலை ஒன்றைப் போடுவதினும், போட்ட சாலையில் யார் செல்லலாம் என்பதைச் சரிசெய்வது முந்தியது என்று கண்டவர் அவர். அதற்குப் பெரும்பொருள் தேவைப்படவில்லை. ஒரு கையொப்பமும், அதனைப் பின்வாங்காத உறுதியுமே தேவைப்பட்டன.

மூன்றாமவர் ஆட்சிச் சொற்காவலர் கீ. இராமலிங்கனார். அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் அல்லர். சம்பளம் பெற்ற நகராட்சி ஆணையர். ஆங்கிலமே அலுவலகத்தின் மூச்சாக இருந்த காலத்தில், கோப்பும் குறிப்பும் அறிவிப்பும் தமிழில் இயலும் என்பதைத் தம் பணியாலேயே மெய்ப்பித்தார். ஆட்சிக்குரிய தமிழ்ச் சொற்களை ஆக்கவும் தொகுக்கவும் தம் வாழ்நாளை ஈந்தார். ஆணையிடும் பதவியில்லாத ஓர் அலுவலரும், தம் மேசையளவில், மக்கள் மொழியை முன்வைக்கலாம் என்பதற்கு அவரே சான்று.

நீர், மக்கட்சமன்மை, மொழி என்னும் இம்மூன்றையும் சிவகிரியின் வரும் ஆண்டுக் கணக்கிற் பொருத்திக் காண்பதே இனிச் செய்யத்தக்கது.

முதலில் நீர்

கழிவுநீர்க் குழாயமைப்பு இல்லாத நகரங்களுக்கு ஆளொருவர்க்கு நாளொன்றுக்கு 70 இலிட்டர் என்றும், அவ்வமைப்பு உள்ளவற்றுக்கு 135 இலிட்டர் என்றும் நடுவணரசின் குடிநீர்க் கையேடு அளவு வகுத்தது. ஐவர் வாழும் குடும்பத்திற்கு 70 என்னும் குறைந்த அளவே 350 இலிட்டர் ஆகும். 15 இலிட்டர் கொள்ளும் குடத்தால் அளந்தால் ஏறத்தாழ 23 குடம். தன் வீட்டுக்கு நாள்தோறும் இத்தனை குடம் வருகின்றதா என்று சிவகிரித் தாய் ஒருவர் எண்ணிப் பார்க்கலாம். அவ்வெண்ணே பேரூராட்சியின் தேர்வுத்தாள். எத்தெருவிற்கு எத்தனை நாளுக்கொருமுறை, எத்தனை மணிநேரம் தண்ணீர் விடப்படுகின்றது என்னும் பட்டியலை அலுவலக வாயிலில் ஒட்டுதற்கு ஒரு தாளும் சிறிது பசையும் போதும். அப்பட்டியல் வெளிவந்த அன்றே ஊரின் நேர்மையும் நேர்மையின்மையும் யாவர்க்கும் புலனாகும்.

குழாய்நீர்க்குத் தாய் குளத்துநீர். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளைக் குளங்களில் தேக்கி வாழ்ந்த நிலம் இது. சமீன் ஒழிப்புக்குப் பின் குளங்கள் அரசுடைமையாயின. அவற்றோடு பொறுப்பும் சிதறிற்று. 40 எக்டேருக்குக் குறைந்த பாசனமுடைய குளங்கள் ஊராட்சி ஒன்றியங்களுக்கும், அதற்கு மேற்பட்டவை பொதுப்பணித் துறைக்குமாகப் பிரிந்தன; 2021-இல் நீர்வளத்துறை தனியாயிற்று; ஊருணியும் தெப்பமும் பேரூராட்சியிடம் நின்றன. ஒரே வரத்துக்காலின் தலை ஒரு துறையிடமும் இடை மற்றொன்றிடமும் கடை வேறொன்றிடமும் இருக்கும்போது, 'அஃது எம்முடையதன்று' என்று சொல்லுதல் எல்லார்க்கும் எளிதாகின்றது. தண்ணீர்க்கு அத்துறைப் பிரிவு தெரியாது. ஆகவே செயல் அலுவலர் வரும் ஆண்டில் எடுக்கத்தக்க முதல் நடவடிக்கை, இத்துறையினர் அனைவரையும் ஒரே நாளில் கரைமேல் நிறுத்தி, வரத்துக்காலின் தலைமுதல் மறுகால்வரை நடந்து காண்பதேயாகும்.

காலமும் கருதத்தக்கது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குமுன், கடகம் (ஆடி), மடங்கல் (ஆவணி) திங்கள்களுக்குள் தூர்வாருதலும் மடை பழுதுபார்த்தலும் முடிந்தாக வேண்டும். மன்றத்தின் முடிவு ஏப்பிரலில் எழுதப்பட்டாலன்றி ஒப்பந்தம் ஆனியிலும் வேலை ஆடியிலும் நடவா. ஐப்பசி மழையில் தூர்வாரியதாக எழுதும் கணக்கு, மழையோடு கரைந்துபோகும் கணக்கே.

இரண்டாவது தூய்மைப் பணியாளர்

ஊர் துயிலெழுமுன் எழுந்து ஊரழுக்கை அகற்றுவோர் தூய்மைப் பணியாளர். மாந்தர் கையால் மலம் அள்ளுதலை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் முற்றிலும் தடுத்தது. கழிவுக்குழியில் இறங்கி இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலக்கம் உருவா ஈடு வழங்க 2014-இலும், அதனை 30 இலக்கமாக உயர்த்தி 2023-இலும் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஈட்டுத்தொகை உயர்ந்தது நன்றே. ஆயினும் உயிர் போனபின் கொடுக்கும் 30 இலக்கத்தினும், உயிர் போகுமுன் வாங்கும் ஒரு பொறியும் ஒருசோடிக் கையுறையும் மேலானவை. பெரும்பாலும் ஒரே குலத்தைச் சேர்ந்தவரே இப்பணியில் தள்ளப்படுவது இந்நாட்டின் மாறாத இழிவு. சௌந்தரபாண்டியனார் பேருந்தின் படியில் வைத்த அதே கேள்வி, இன்று குப்பைவண்டியின் அருகே நிற்கின்றது.

ஊதியம் குறித்த நாளில் கைக்கு வருதல், ஒப்பந்தக்காரர் இடையிற் பிடித்துக்கொள்ளாமை, காலணி, கையுறை, மருத்துவ ஆய்வு ஆகியன திட்டத்தின் முன்வரிசையில் எழுதப்பட வேண்டும். ஊரார்க்கும் இதில் பங்குண்டு. மட்குவதையும் மட்காததையும் வீட்டிலேயே பிரித்தளிக்க 2016-ஆம் ஆண்டு விதிகள் கட்டளையிட்டன. ஒருமுறை எறியும் நெகிழிப்பொருள்களைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் தடை செய்தது. பிரிக்காமற் கொட்டும் ஒவ்வொரு வீடும், பிறனொருவன் கையை அக்குப்பையுள் விடச் செய்கின்றது.

மூன்றாவது மக்கள் மொழி

தமிழே ஆட்சிமொழி என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. கடைகள், நிறுவனங்களின் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடம் பெறவேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டு விதிகளில் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. சட்டத்திற்குக் குறைவில்லை. பெருவழியோரக் கடைத்தெருவில் ஒருமுறை நடப்பவர்க்குக் குறை எங்குள்ளதெனத் தெரியும்.

இதனை வெறும் பலகைச் சிக்கலாகக் கருதற்க. மக்களுக்கு விளங்காத சொல்லில் எழுதப்பட்ட அறிவிப்பு மக்களிடமிருந்து மறைக்கப்பட்ட அறிவிப்பே. ஒப்பந்தப் புள்ளி ஆங்கிலத்தில் இருப்பின் ஊரிலுள்ள சிறுகொத்தனார் அதிற் பங்குகொள்ளார். வரித்தாளின் கணக்கு விளங்காவிடின் முதியவள் ஒருத்தி இடைத்தரகனை நாடுவாள். இடைத்தரகன் நுழையும் வாயிலிற் கையூட்டும் நுழையும். கோப்பு, ஒப்பந்தம், வரித்தாள், கணிப்பொறிவழிச் சான்று, கையொப்பம் யாவும் தமிழில் அமைதல் மொழிக்குச் செய்யும் சிறப்பாவதோடு ஏழைக்குத் திறக்கும் கதவுமாகும். இராமலிங்கனார் கணிப்பொறியில்லாத காலத்திற் செய்ததை, தமிழ் எழுத்துகள் கைப்பேசியிலேயே அமைந்துவிட்ட காலத்திற் செய்ய இயலாதென்பார் சொல் ஏற்கத்தக்கதன்று.

கணக்கும் ஊரவையும்

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதற் பராந்தகச் சோழன் காலத்தன. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்றவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலையால் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தேர்ந்த முறையை அவை கூறுகின்றன. அது பார்ப்பனர் ஊர். நிலமும் மறைப்பயிற்சியும் உடையவர்க்கே அங்கு இடமிருந்தது. மகளிர்க்கும் உழைப்போர்க்கும் இடமில்லை. அக்குறையை மறைத்துப் பெருமை பேசுதல் வேண்டா. எனினும் அக்கல்வெட்டில் எக்காலத்திற்கும் பொருந்தும் விதியொன்று உண்டு. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வுக்கு நிற்கலாகாது என்பதே அது. ஆயிரமாண்டு கழிந்தும் அவ்விதி புதிதாகவே தோன்றுகின்றது!

தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளின் மன்றக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்பிரவரி 19 அன்றே நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலம் தேர்ந்தெடுக்கப்பட்டார் எவருமின்றித் தனி அலுவலர்களே ஆண்டனர். எதை முன்வைப்பது என்னும் கேள்வியைக் கேட்கவும் அன்று மன்றமில்லை. அவ்வெறுமை மீண்டும் நேராதிருத்தல் வேண்டும். இடங்களிற் பாதி மகளிர்க்கென ஒதுக்கியது 2016-ஆம் ஆண்டுத் திருத்தம். 2022 தேர்தல் அதன்படி நடந்தது. குடம் சுமப்பவள் மன்றத்தில் அமர்ந்தாள். அவள் நாற்காலியிற் கணவன் அமர்ந்து பேசுவானாயின் அவ்வுரிமை மீண்டும் பறிபோனதாகும்.

மலைக்கு அப்பால் கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கப்பெற்று, மாநிலத் திட்டப்பொருளில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. எதற்குச் செலவிடுவது என்பதை ஊர்க்கூட்டங்கள் ஆய்ந்தன. கடல்கடந்த பிரேசிலில் போர்த்தோ அலெக்ரி நகர் 1989 முதலே பகுதிமக்களைக் கூட்டி முதலீட்டு வரிசையை முடிவு செய்தது. தமிழ்நாட்டிலும் நகர்ப்புறப் பகுதி அவைகளுக்கென 2022-இல் விதிகள் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, அவை கூடின. வழி உண்டு, நடப்பாரே வேண்டும்.

ஆகவே சிவகிரிப் பெருமக்கள் மன்றத்தின் முன்னும் செயல் அலுவலர் முன்னும் வைக்கத்தக்கவை நான்கு. ஒன்று, தெருவாரியான குடிநீர்ப் பட்டியலும், மழைக்கு முந்திய குளப்பணியும். இரண்டு, தூய்மைப் பணியாளர்க்குக் குறித்த நாளில் ஊதியமும் முழுக் காப்பும். மூன்று, அலுவலகம் முழுமையும் தமிழ். நான்கு, வரவு செலவுத் திட்டம் மன்றத்தில் முடிவாகுமுன் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள்முன் படிக்கப்படுதல்; ஆண்டிறுதியிற் கணக்கும் அவ்வாறே படிக்கப்படுதல்.

இந்நான்கில் மூன்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பொருள் வேண்டும் ஒன்றும், வேண்டாத அணிவளைவுகளையும் திறப்புவிழாக்களையும் தள்ளிவைத்தால் ஓரளவு கிட்டும். ஆண்டுதோறும் ஈற்றிற் தள்ளப்படும் அத்தெருவின் பெயர், வரும் ஆண்டுத் திட்டத்தின் முதற் பக்கத்தில், தமிழில், எழுதப்படட்டும். அதனை எழுதுவிக்க வேண்டியவர் ஊரார். எழுத வேண்டியவர் அலுவலர்.

வாழ்க தமிழ்! வெல்க மக்களாட்சி!