காலணியின் விலையும் பாலாற்றின் விலையும்



ஆம்பூரில் தைத்த காலணி ஐரோப்பியக் கடையில் விற்கப்படுகின்றது. அதன் விலையில் தோலின் விலை உண்டு, தையற்கூலி உண்டு, கப்பற்கூலி உண்டு, வணிகன் ஊதியமும் உண்டு. பாலாற்றின் விலை மட்டும் இல்லை. அதனை இறுத்தவன், வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரை கிணற்றையும் கழனியையும் இழந்த உழவன்!

முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டே இங்குத் தோல் பதனிட்டனர். அது பல கிழமை பிடிக்கும் வேலை. 1970-களில் நடுவணரசு, அரைப்பதத் தோலின் ஏற்றுமதியைக் குறைத்து முழுப்பதத் தோலை ஊக்கியது. குரோமியம் எனும் மாழையின் உப்பு அவ்வேலையைச் சில நாளில் முடித்தது, ஆலைகள் பெருகின. தோல் அழுகாதிருக்க இட்ட கறியுப்பும் ஊறலிற் கரைந்து கழிவோடு சென்றது. பொதுத் துப்புரவு நிலையங்கள் அழுக்கை நீக்கும், கரைந்த உப்பைப் பிரிப்பதோ அரிது, பெருஞ்செலவும் ஆகும்.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச முறைமன்றத்தை நாடியது. 28-8-1996-இல் தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 இலிட்டர் நீர் செலவாவதையும், ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ பாழானதையும் அது எடுத்துரைத்தது. கேடு வருமுன் காப்பதும், கெடுத்தவனே ஈடு செய்வதும் இந்நாட்டுச் சட்டம் என்றது. ஆயினும், கொடுபடாத இழப்பீட்டைக் கொடுத்து ஆலைகளிடம் தண்டுமாறு 30-1-2025-இல் அம்மன்றமே மீண்டும் ஆணையிட நேர்ந்தது. நெறி பிறந்தது, அதனை நடத்தும் கை பிறக்கவில்லை!

ஐரோப்பிய ஒன்றியமோ, உடம்பிற்படும் தோற்பொருளில் நச்சுவகைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டலாகாதென 2015 மே முதல் தடுத்தது. அங்கே அணிவோன் காலுக்குக் காப்பு உண்டு. இங்கே ஆற்றுக்குக் காப்பு எங்கே? வாங்குவோர் காலுக்கு வரம்பிட முடியுமெனில், ஆற்றுக்கும் வரம்பிட முடியும்.

ஆலைகளை மூடிவிடலாமே என்பார் உளர். காலணி தைத்து வாழும் பெண்களின் அடுப்பும் அன்றே அணையும். வேண்டுவது மூடல் அன்று, அளவு. ஆறு தாங்கும் அளவே தோல் பதனிடல் வேண்டும். உப்பை உதறிய பின்னரே தோலை நீரில் இடல் வேண்டும். துப்புரவுச் செலவு காலணி விலையில் ஏறி, அணிவோனால் இறுக்கப்படல் வேண்டும். கிணற்றுநீரின் உப்பளவைத் திங்கள்தோறும் ஊர்ப்பொதுவில் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுந்தது. உழவன் தன் உரிமையைப் பிறர் வாயால் கேட்டறிந்தான். அறியாத உரிமையை எவ்வாறு கேட்டுப் பெறுவான்?

அன்பர்களே! பழுதுற்ற காலணியைத் தைத்து அணிக. புதிது வாங்குமுன், அதன் விலையில் ஆற்றின் பங்கு உண்டா என வினவுக. மலிந்த விலையின் மீதியை எங்கோ ஓர் உழவன் கட்டிக்கொண்டிருக்கின்றான். அவன் கடனைத் தீர்ப்பதே உண்மையான நுகர்ச்சி நெறி!