ஈரக் கிளச்சும் உலர் கிளச்சும்



விலையுயர்ந்த பந்தய மோட்டார் சைக்கிள் ஒன்று வீதியோரத்தில் எஞ்சின் ஓடியபடி நிற்கின்றது. அதன் வலப் பக்கத்திலிருந்து, தகரப் பேணிக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினாற் போன்ற ஓர் ஓசை எழுகின்றது. வழியே செல்பவர், உள்ளே ஏதோ கழன்றுவிட்டது போலும் என்று இரங்குகின்றார். வண்டிக்குடையவரோ நல்ல கச்சேரி கேட்பவர் போல முகமலர்ந்து நிற்கின்றார். அந்த ஓசையைக் கேட்பதற்கென்றே அவர் மேலதிகமாகப் பணம் கொடுத்திருக்கவுங் கூடும். உலர் கிளச்சு எழுப்பும் ஓசை அது. இருவருள் யார் பக்கம் நியாயம் இருக்கின்றது என்பதையே இன்று ஆராய விரும்புகின்றேன்.

கிளச்சு என்பது யாது? எஞ்சின் ஓயாது சுழல்வது. சக்கரமோ வேண்டும்போது நிற்க வேண்டும். இவ்விரண்டையும் இணைக்கவும் பிரிக்கவும் அமைந்த உறுப்பே கிளச்சு. நேயர்கள் தம் இரு கைவிரல்களையும் ஒன்றினிடை ஒன்றாகக் கோத்துப் பார்க்கலாம். விரல்களை இறுக்கினால் ஒரு கையை இழுக்க மற்றக் கையும் உடன் வரும். நெகிழ்த்தினால் இரண்டும் தனித்தனியே அசையும். ஒரு கை விரல்கள் எஞ்சினோடு சுழலும் உராய்வுத் தகடுகள். மறு கை விரல்கள் கியர்ப்பெட்டியோடு சுழலும் உருக்குத் தகடுகள். இவை மாறி மாறி அடுக்கப்பட்டுக் கூடை போன்ற ஓர் உறையினுள் இருக்கின்றன. சுருள்விற்கள் அவற்றை இறுக்கி வைத்திருக்கின்றன. இடக்கைப் பிடியை இழுக்கும்போது அவ்விறுக்கம் நெகிழ்கின்றது.

இனி, அந்த விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுவே ஈரக் கிளச்சு. எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெயிலேயே தகடுகள் நனைந்திருக்கும். வழுக்கும் பொருளை ஊற்றிவிட்டுப் பிடிமானத்தை எதிர்பார்ப்பதா என்று கேட்கத் தோன்றும். உண்மைதான், எண்ணெயினால் உராய்வு குறைகின்றது. ஆகவே தகடுகளின் தொகையைக் கூட்டியோ, விற்களின் வலிமையை மிகுத்தோ அக்குறையை ஈடுசெய்கின்றனர். ஆனால் அவ்வெண்ணெய் செய்யும் உபகாரம் பெரிது. தகடுகள் வழுக்கி வழுக்கிப் பிடிக்கும்போது பிறக்கும் வெப்பத்தை அது வாங்கிச் செல்கின்றது; மோதலோசையை விழுங்குகின்றது; பிடி படிப்படியாக, குலுக்கலின்றி விழுமாறு செய்கின்றது.

குறைகளும் உள. பிடியை முற்றாக இழுத்த பின்னரும், தகடுகளுக்கிடையே நிற்கும் எண்ணெய் ஒன்றை மற்றொன்றோடு சிறிது இழுத்துக்கொண்டே இருக்கும். குளிர்ந்த காலை வேளையில் முதற் கியரை இடும்போது வண்டி ‘டக்’ கென்று முன்னே தாவுவது பெரும்பாலும் இதனாலேதான். எண்ணெயைக் கலக்குவதில் எஞ்சினின் வலுவிற் சிறிது வீணாகின்றது. தேய்ந்த தகடுகளின் துகளும் அதே எண்ணெயிற் கலந்து எஞ்சின் முழுவதும் சுற்றி வருகின்றது.

உலர் கிளச்சில் இவையொன்றும் இல்லை. துகள் வெளியே தூசியாக விழுந்துவிடும். பிரித்தால் முற்றாகப் பிரியும். பிடித்தால் உடனே பிடிக்கும். எண்ணெயை வடிக்காமலே மூடியைக் கழற்றித் தகடுகளை மாற்றிவிடலாம். பந்தய மைதானத்தில் நேரத்தோடு போராடும் தொழிலாளிக்கு இந்த ஒரு வசதியே பெரிய வரப்பிரசாதம். ஆனால் வெப்பத்தை வாங்கிச் செல்லக் காற்றைத் தவிர வேறு துணையில்லை. ஆதலாற்றான் பல வண்டிகளில் மூடியைத் துளையிட்டோ திறந்தோ வைத்திருப்பர். ஓசைக்குக் காரணமும் எளிது. தகடுகளின் காதுகள் உறையின் வெட்டுக்களுள் அசைய இடைவெளி வேண்டும். பிடியை இழுத்ததும் தகடுகள் தளர்ந்து, எஞ்சினின் ஒவ்வொரு துடிப்புக்கும் அவ்வெட்டுக்களின் சுவரில் மோதுகின்றன. நம் வழிப்போக்கர் கேட்டது அந்த மோதலை. நாளடைவில் அது வெட்டுக்களின் ஓரத்தைக் கடித்துப் பள்ளமாக்கிவிடும். ஆகவே அவர் இரங்கியது முழுதும் அறியாமையன்று.

இந்த ஓசையை உலகப் பிரசித்தமாக்கியது இத்தாலியின் பொலோஞா நகரத்து டுக்காட்டி நிறுவனம். 1988-இல் வீதிக்கு வந்த அதன் 851 என்னும் வண்டியில் உலர் கிளச்சு இருந்தது. அவ்வினத்து வண்டியே 1990-இல் உலக சுப்பர்பைக் பட்டத்தை அந்நிறுவனத்துக்கு முதன்முறையாகப் பெற்றுக் கொடுத்தது. 1994-இல் வந்த புகழ்பெற்ற 916-உம் அவ்வழியே சென்றது. ஆனால் அந்நிறுவனத்தின் சிறிய வண்டிகளைப் பாருங்கள். மொன்ஸ்ரர் வரிசையில் 900 உலர்ந்ததாயிருக்க, 600 ஈரக் கிளச்சோடு வந்தது. பின்னர் 1098-க்கு உலர் கிளச்சைக் கொடுத்தவர்கள், அதன் தம்பியான 848-க்கு ஈரத்தையே கொடுத்தனர். நாள்தோறும் நகரத்தில் ஓட்டப்படக்கூடிய வண்டிக்கு எது பொருந்தும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர் என்றே எண்ணுகின்றேன். 2011-இல் அறிமுகமான 1199 பனிகாலே என்னும் தலையாய வண்டியும் ஈரக் கிளச்சுக்கு மாறியபோது, அன்பர்கள் பலர் வீட்டில் ஒருவரை இழந்தாற் போல வருந்தினர். அவர்களுக்கு ஆறுதலாக, பந்தயத்தை முன்னிட்டு 2019-இல் வந்த பனிகாலே வி-4 ஆர் வண்டியில் உலர் கிளச்சு மீண்டும் தோன்றியது.

யப்பானியரும் இம்மோகத்துக்குத் தப்பவில்லை. ஹொண்டாவின் என்.எஸ்.ஆர். 250 வண்டியின் எஸ்.பி. என்னும் சிறப்பு வகைக்கு 1988 முதல் உலர் கிளச்சு பொருத்தினர். அது இரண்டடிப்பு எஞ்சின். அவ்வகை எஞ்சினில் கியர்ப்பெட்டி எண்ணெய் தனியே இருப்பது. கிளச்சுத் துகள் எஞ்சினைச் சேரும் என்ற அச்சத்துக்கே இடமில்லை. எஞ்சியிருந்த இலாபம் அற்ப வலுவும், பந்தய வண்டியின் சாயலுந்தான். சாயலுக்கும் விலை உண்டு, நான் மறுக்கவில்லை.

வலு மிகுந்த எஞ்சினை ஈரக் கிளச்சுத் தாங்காது என்று சிலர் வாதிப்பர். அது பிழை. மைதானத்தில் மட்டும் ஓட்டுவதற்கென 2015-இல் வெளிவந்த கவசாக்கி எச்-2 ஆர் வண்டி 310 பரிவலு கொண்டது. அதன் தகடுகள் எண்ணெயிலேதான் நனைகின்றன. அவ்வாறாயின் மோட்டோ ஜி.பி. வண்டிகள் ஏன் உலர் கிளச்சை நாடுகின்றன? அங்கே பந்தயம் முக்கால் மணித்தியாலத்துள் முடிகின்றது. புறப்படும் அந்தச் சில நொடிகளே கிளச்சுக்குப் பெருஞ்சோதனை. அதன் பின் அதற்கு வேலை மிகக் குறைவு. தகடு கருகினாலும் மாற்றுவதற்கு ஆள் காத்திருக்கின்றார். நகரத்து வாகன நெரிசலில் ஒரு மணித்தியாலத்தில் நூறு முறை நின்று புறப்படுபவருக்கு அப்படிக் காத்திருப்பவர் எவர்? வண்டி தேருக்குப் பின்னாற் செல்வது போல ஊர்ந்து செல்ல, பாதி இழுத்த பிடியோடு உலர் தகடுகள் சூடேறித் தீய்கின்ற வாசனை எழும். நான் வீதிக்கு ஒன்றைத் தெரிய வேண்டுமானால், தயங்காது ஈரத்தையே தெரிவேன். வழிப்போக்கர் பக்கமே என் வாக்கு.

நம் நாட்டு வீதிகளில் ஓடும் சிறிய மோட்டார் சைக்கிள்களும் அநேகமாக எல்லாம் ஈரக் கிளச்சு உடையனவே. அவற்றை ஓட்டும் நேயர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். என் உறவினர் ஒருவர், காருக்கு வாங்கிய உயர்ந்த ரக எண்ணெயில் மிஞ்சியதை வீணாக்க மனமின்றித் தம் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றினார். எரிபொருளைச் சிக்கனமாக்கும் பொருட்டு, உராய்வைக் குறைக்கும் சரக்குச் சேர்க்கப்பட்ட எண்ணெய் அது. காருக்கு நல்லது, அங்கே கிளச்சு எஞ்சின் எண்ணெயைத் தொடுவதில்லை. அடுத்த கிழமை மனைவியைப் பின்னே ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறினார். பாதி வழியில் எஞ்சின் அலறியது. வண்டியோ நடைவேகத்துக்கு வந்துவிட்டது. பின்னால் ஒரு லொறி, அதன் பின்னால் ஒரு பஸ். ஒதுங்கி நிற்க இடங் கிடைத்தது அவர்கள் செய்த புண்ணியம். பின்னர் எண்ணெயை வடித்து, உராய்வுத் தகடுகள் முழுவதையும் மாற்றவேண்டியதாயிற்று.

இதற்கெனவே யப்பானியர் 1998-இல் ஜாசோ என்னும் தர அளவொன்றை வகுத்தனர். எம்.ஏ. என்று குறித்த எண்ணெய் ஈரக் கிளச்சுக்கு உரியது. எம்.பி. என்று குறித்தது உராய்வு குறைந்தது. எண்ணெயில் நனையும் கிளச்சு இல்லாத ஸ்கூட்டர்களுக்கு ஏற்றது. இரண்டு பேணிகளும் கடையில் ஒரே தட்டில் அருகருகே இருக்கும். என் உறவினர் இப்பொழுது பேணியின் முன்பக்கத்துப் படத்தைப் பார்ப்பதில்லை. அதைத் திருப்பி, கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு, அந்த இரண்டு எழுத்துக்களைத் தேடுகின்றார்.